பாலில் மறைந்திருந்த நோய்: ஆலிஸ் இவான்ஸ் அம்மையாரின் வாழ்க்கை

பாலைத் தூய்மையின் வடிவமாகக் காண்பது நமது மரபு. இறைவனின் திருமேனிக்குப் பாலபிஷேகம் செய்கிறோம். புதுமனை புகும்போது அடுப்பில் முதலில் பொங்குவதும் பால்தான். குழந்தைக்கும் நோயாளிக்கும் முதலில் நினைவுக்கு வரும் உணவும் அதுவே. நன்கு கழுவிய மடியிலிருந்து, சுத்தமான கைகளால், நோய்க்குறி ஏதுமில்லாத பசுவிடமிருந்து கறந்த பால் ஒரு மனிதரை ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடத்திவிடும் என்று எவரேனும் கூறினால் நம் மனம் அதை ஏற்கச் சற்றுத் தயங்கவே செய்யும்.

1917-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒருவர் அவ்வாறு கூறினார். அதைக் கேட்டவர்கள் தயங்கியதோடு நிற்கவில்லை. பலர் எள்ளி நகைத்தனர். கூறியவர் முனைவர் பட்டம் பெறாதவர், ஒரு பெண்மணி, அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. அரசின் பால் பண்ணைப் பிரிவில் ஆய்வாளராகப் பணியாற்றிவந்த அவரது பெயர் ஆலிஸ் காதரின் இவான்ஸ்.

பண்ணை வீட்டில் பிறந்தவர்

ஆலிஸ் 1881-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள நீத் என்னும் சிற்றூரில் பிறந்தார். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து குடியேறிய மக்கள் மிகுந்த ஊர் அது. தந்தையார் வில்லியம், விவசாயம் செய்தவர். நில அளவையும் ஆசிரியப் பணியும் அறிந்தவர். தாயார் ஆன் அம்மையாரும் ஆசிரியராக இருந்தவரே. ஆலிஸுக்கும் அவருடைய தமையனார் மார்கனுக்கும் தொடக்கப் பாடங்களைப் பெற்றோரே வீட்டில் கற்பித்தனர். பின்னர் ஒரே அறை கொண்ட கிராமப் பள்ளி. அதன்பின் டோவாண்டா நகரில் உயர்நிலைக் கல்வி. பெண்கள் கூடைப்பந்து ஆடுவது அடக்கமின்மை என்று கருதப்பட்ட அந்நாளில் அவர் தம் பள்ளியின் அணியில் ஆடினார்.

கல்லூரிக்குச் செல்ல விருப்பம் இருந்தது, பணம் இல்லை. ஆகவே அக்காலத்துப் பெண்களுக்குத் திறந்திருந்த மிகச் சில கதவுகளுள் ஒன்றான ஆசிரியப் பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் கிராமப் பள்ளியில் பாடம் நடத்தினார். அப்பணியில் தமக்கு நிறைவு கிட்டவில்லை என்பதை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண்மைக் கல்லூரியில் கிராம ஆசிரியர்களுக்கென இயற்கைக் கல்வி குறித்த ஈராண்டுப் பயிற்சி கட்டணமின்றி நடைபெற்றுவந்தது. குழந்தைகளுக்குப் பூச்சிகளையும் பறவைகளையும் செடிகளையும் நேசிக்கக் கற்றுத் தருவதே அப்பயிற்சியின் நோக்கம். அதற்காகச் சென்ற ஆலிஸ், மீண்டும் தமது பள்ளிக்குத் திரும்பவில்லை. கண்ணுக்குப் புலப்படாத உயிர்களின் உலகம் அவரை ஈர்த்துக்கொண்டது. உதவித்தொகை பெற்று நுண்ணுயிரியல் பயின்று 1909-இல் இளநிலைப் பட்டமும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1910-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். நுண்ணுயிரியல் பயில அப்பல்கலைக்கழகம் உதவித்தொகை அளித்த முதல் பெண் அவரே.

முனைவர் பட்டத்துக்குத் தொடர்ந்து படிக்குமாறு அவரை ஊக்குவித்தவர் பேராசிரியர் மெக்காலம். பின்னாளில் வைட்டமின் ஆய்வில் உலகப்புகழ் பெற்றவர். ஆனால் ஆண்டுக்கணக்கில் பணநெருக்கடியுடன் படித்த களைப்பு ஆலிஸிடம் மிகுந்திருந்தது. பட்டத்தைவிட ஆய்வே அவருக்கு வேண்டியிருந்தது. வேளாண்மைத் துறையின் பால் பண்ணைப் பிரிவில் கிடைத்த பணியை ஏற்றார். முதல் மூன்று ஆண்டுகள் விஸ்கான்சினிலேயே செடார் பாலாடைக்கட்டியின் சுவைக்குக் காரணமான நுண்ணுயிரிகளை ஆராய்ந்தார். 1913-இல் வாஷிங்டன் நகருக்கு மாற்றலானார். நிரந்தரப் பணியில் ஒரு பெண் விஞ்ஞானி வருகிறார் என்பதை அங்குள்ள மேலதிகாரிகள் அப்போதுதான் உணர்ந்தனராம். அவர்கள் நாற்காலியிலிருந்து விழாத குறைதான் என்று அந்தக் கூட்டத்தில் குறிப்பெடுத்த ஒருவர் பின்னர் சொன்னதாக ஆலிஸ் அம்மையார் தம் நினைவுக் குறிப்புகளில் நகைச்சுவையுடன் எழுதியிருக்கிறார்.

மடிக்குள்ளே இருப்பது என்ன?

வாஷிங்டனில் அவருக்குத் தரப்பட்ட பணி, பாலில் நுண்ணுயிரிகள் எவ்வழியாகச் சேர்கின்றன என்பதை ஆராய்வது. அதற்குப் பொதுவான விடை எல்லோரும் அறிந்ததே. தொழுவத்துச் சாணம், மாட்டின் உரோமம், கறப்பவரின் கை, கழுவாத பாத்திரம், கலக்கும் தண்ணீர், பறக்கும் தூசி ஆகிய அனைத்தும் வெளியிலிருந்து வருபவை. எனவே தொழுவத்தையும் பாத்திரங்களையும் தூய்மையாக வைத்து, பாலை உடனே குளிர்வித்துவிட்டால் கவலைக்கு இடமில்லை என்று பலரும் கருதினர். நியூஜெர்சி மாநிலத்தில் ஹென்றி காய்ட் என்னும் மருத்துவர் 1893-இல் தொடங்கிய சான்றிதழ் பால் இயக்கம் இந்த எண்ணத்தின் மேல் எழுந்ததே. ஒரு கன சென்டிமீட்டர் பாலில் 10,000 பாக்டீரியாக்களுக்கு மேல் இருத்தலாகாது என்பது அதன் விதி. மருத்துவர் குழு மேற்பார்வையிட்ட பண்ணைகளிலிருந்து வந்த அந்தப் பாலைக் காய்ச்சாமலே பருகினர். அதிக விலையும் கொடுத்தனர். நல்ல நோக்கத்துடன் தொடங்கிய முயற்சி அது. பல குழந்தைகளைக் காப்பாற்றியும் இருக்கிறது.

ஆலிஸ் அம்மையார் வேறு ஓர் இடத்தில் பார்வையைச் செலுத்தினார். வெளியிலிருந்து எதுவும் சேராதவாறு கவனமாகக் கறந்த பாலில், அதாவது மடியிலிருந்து வரும்போதே, என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்த்தார். அவற்றுள் ஒன்று கன்று வீச்சு நோயின் கிருமி.

கால்நடை வளர்ப்போர் அனைவரும் அஞ்சும் நோய் அது. சினை மாடு ஐந்து மாதங்களுக்குப் பின்னர் திடீரெனக் கன்றை வீசிவிடும். ஒரு மாட்டில் தோன்றினால் தொழுவம் முழுவதும் பரவும். டென்மார்க் நாட்டுக் கால்நடை மருத்துவர் பாங் என்பவர் 1897-இல் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்து வெளியிட்டார். கன்று வீசிய மாடு பின்னர் தேறிவிடும், நன்றாகத் தீனி எடுக்கும், பாலும் கறக்கும். ஆனால் கிருமி அதன் மடியிலும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் தங்கிவிடும். தோற்றத்தில் நலமாக உள்ள பசுவின் பாலிலும் இக்கிருமி வருகிறது என்பதை அமெரிக்காவின் ஷ்ரோடர், காட்டன் என்னும் இருவர் 1911-இல் காட்டியிருந்தனர். எனினும் எவரும் பெரிதாகக் கலங்கவில்லை. மாட்டின் நோய் மாட்டோடு. மனிதனுக்கு அதனால் என்ன என்று இருந்துவிட்டனர்.

மத்தியதரைக் கடலின் நடுவே, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், மால்டா தீவில் நடந்தது வேறொரு கதை. அங்கு நிறுத்தப்பட்டிருந்த பிரிட்டிஷ் படைவீரர்களை ஒரு விசித்திரமான காய்ச்சல் பீடித்தது. மாலையில் ஏறும், இரவில் வியர்வையாய்க் கொட்டும், காலையில் தணியும். சில வாரங்கள் கழித்து நின்றதுபோல் இருந்து மீண்டும் அலைபோல் எழும். மூட்டுகளில் வலி, மனச்சோர்வு, எழுந்து நிற்க இயலாத அசதி ஆகியவை மாதக்கணக்கில் நீடிக்கும். இராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் 1887-இல் இதன் கிருமியை இறந்த வீரர்களின் மண்ணீரலிலிருந்து பிரித்தெடுத்தார். அது எவ்வழியே உடலில் புகுகிறது என்பது மேலும் பதினெட்டு ஆண்டுகள் புலப்படவில்லை. மால்டாவைச் சேர்ந்த தெமிஸ்தக்லிஸ் சாம்மிட் என்னும் மருத்துவர் 1905-இல் ஆடுகளின் குருதியைச் சோதித்தபோதுதான் விடை கிடைத்தது. துள்ளித் திரிந்த, சற்றும் நோயறியாத ஆடுகளே அக்கிருமியைப் பாலில் சுமந்து வந்தன! அதே ஆண்டு மால்டாவிலிருந்து ஆடுகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்கா நோக்கிச் சென்ற ஒரு கப்பலில், அந்த ஆடுகளின் பாலைப் பருகிய மாலுமிகளுள் பலர் காய்ச்சலில் வீழ்ந்தனர். 1906-இல் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் தருவது நிறுத்தப்பட்டது. படை முகாம்களில் நோயும் ஏறத்தாழ மறைந்தது.

இரண்டு பெயர்கள், ஒரே பொருள்

மாட்டுக் கிருமியைக் கோல் வடிவுடையது என்று வகைப்படுத்திப் பாசில்லஸ் குடும்பத்தில் வைத்திருந்தனர். மால்டா காய்ச்சலின் கிருமியைப் புரூஸ் உருண்டை என்று கண்டு மைக்ரோகாக்கஸ் என்று பெயரிட்டிருந்தார். ஒன்று கால்நடை மருத்துவர்களின் நூல்களில் இருந்தது. மற்றொன்று மனித மருத்துவர்களின் நூல்களில். இந்த நூலைப் படிப்பவர் அந்த நூலைத் திறப்பதில்லை. உண்மையில் இவை மிகச் சிறிய, குறுகிய கோல்கள். ஒருவர் கண்ணுக்கு உருண்டையாகவும் மற்றவர் கண்ணுக்குக் கோலாகவும் தோன்றக்கூடியவை. நாமமும் ரூபமும் வேறுபட்டால் பொருளும் வேறு என்று முடிவுகட்டுவது மனித அறிவின் பழைய பலவீனம். விஞ்ஞானிகளும் அதற்கு விலக்கல்லர்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு ஆலிஸ் அம்மையாருக்கு யோசனை கூறியவர் கால்நடைத் துறையின் நோயியல் பிரிவுத் தலைவர் ஐக்ஹார்ன். இரண்டு கிருமிகளையும் அருகருகே வளர்த்தார் ஆலிஸ். ஒரே வகை ஊட்டப் பொருளில் இரண்டும் ஒன்றுபோல வளர்ந்தன. சர்க்கரைகளிடம் ஒன்றுபோல நடந்துகொண்டன. விலங்குகளின் உடலில் ஏற்றியபோது ஒத்த விளைவுகளையே தோற்றுவித்தன. பின்னர் சீரச் சோதனை: ஒரு கிருமியை எதிர்த்துப் போராடிய விலங்கின் குருதிநீரை அதே கிருமி மிதக்கும் நீரில் சேர்த்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், அந்நியக் கிருமியாயின் திரளாது. மால்டா கிருமிக்கு எதிரான சீரத்தில் மாட்டுக் கிருமி திரண்டது. மாட்டுக் கிருமிக்கு எதிரான சீரத்தில் மால்டா கிருமி திரண்டது. இந்தச் சோதனையால் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை.

அப்படியாயின் அடுத்த கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஆட்டுப்பாலில் உள்ள கிருமி மனிதனை வீழ்த்தும் என்றால், அதனோடு இத்தனை நெருங்கிய உறவுடைய கிருமி நிறைந்த பசும்பாலை நாடு முழுவதும் குழந்தைகள் காய்ச்சாமல் பருகிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களின் நிலை என்ன? வேறு பெயர்களில் மருத்துவர்கள் எழுதிவைக்கும் காய்ச்சல்களுள் சில இதுவாக இருக்கலாகாதா?

1917-இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் சங்கத்தின் கூட்டத்தில் ஆலிஸ் அம்மையார் இதைக் கூறினார். அடுத்த ஆண்டு ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார். காய்ச்சாத பாலைப் பருகுவது பாதுகாப்பானதா என்ற ஐயத்தையும் அக்கட்டுரையில் எழுப்பியிருந்தார்.

எதிர்ப்பு

இரண்டு கிருமிகளும் இவ்வளவு ஒத்தவை என்றால் புகழ்பெற்ற ஆய்வாளர் யாரேனும் இதற்குள் கண்டிருக்க மாட்டார்களா என்பதே பலர் எழுப்பிய மறுப்பு. இதில் தர்க்கம் எதுவும் இல்லை. எனினும் வலுவாகவே ஒலித்தது. பாலைச் சூடாக்கும் இயந்திரங்களை விற்போருடன் இந்தப் பெண் கூட்டுச் சேர்ந்திருக்கிறார் என்று பால் வணிகத் தரப்பிலிருந்து பழியும் எழுந்தது. பிரான்ஸ் நாட்டின் பாஸ்டர் திராட்சை மதுவுக்கென வகுத்த மிதமாகச் சூடாக்கும் முறை பாலுக்கும் அதற்கு முன்னரே வந்துவிட்டது. சிகாகோ நகரம் 1908-இலேயே அதற்குச் சட்டம் இயற்றியது. ஆனால் சிறு பண்ணையாளர்களுக்கு அது கூடுதல் செலவு. சான்றிதழ் பால் விற்போருக்கோ தம் புகழுக்கே இழுக்கு.

எதிர்த்தவர்களுள் மிகப் பெரியவர் தியோபால்ட் ஸ்மித். மனிதக் காசநோய்க் கிருமி வேறு, மாட்டுக் காசநோய்க் கிருமி வேறு என்று 1898-இல் பிரித்துக் காட்டிய மேதை. உண்ணிகளால் நோய் பரவுவதை உலகுக்கு முதலில் நிறுவிய குழுவின் தலைவரும் அவரே. அவருடைய ஐயத்தை வெறும் கர்வம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. இக்கிருமி பாலில் இத்தனை பரவலாக இருக்குமானால், அமெரிக்க மக்களிடையே அலைக் காய்ச்சல் ஏன் காணப்படவில்லை என்று அவர் கேட்டார். நேர்மையான கேள்வி. அதற்கான விடை இரண்டு பகுதிகளாகப் பின்னர் கிடைத்தது. மாட்டு வகைக் கிருமி, ஆட்டு வகையையும் பன்றி வகையையும்விட மனிதனிடம் வீரியம் குறைந்தது. பருகுவோர் அனைவரையும் அது தாக்குவதில்லை. இது ஒரு பகுதி. காய்ச்சல் இருக்கத்தான் செய்தது. மருத்துவர்கள் அதனை டைபாய்டு என்றும் மலேரியா என்றும் காசம் என்றும் வாதம் என்றும் எழுதிவைத்திருந்தனர் என்பது மறு பகுதி. தேடாத நோயைக் கண்டவர் இல்லை.

ஆலிஸ் அம்மையார் விவாதத்தில் இறங்கவில்லை. 1918-இல் பொதுச் சுகாதாரத் துறையின் ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். இன்றைய தேசிய சுகாதார நிறுவனங்களின் மூலவித்து அந்த ஆய்வுக்கூடமே. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. படை முகாம்களில் பரவிய மூளைக்காய்ச்சலுக்குச் சீரம் தயாரிக்கும் பணியில் ஈடுபட்டார். அவ்வாண்டு உலகையே உலுக்கிய இன்புளூயன்சா அவரையும் தாக்கியது. தேறி எழுந்தபின், பிறர் செய்யாது விட்ட பாலாராய்ச்சியைத் தாமே மீண்டும் கையில் எடுத்தார்.

1920-இல் முதல் பெரிய ஆதரவு வந்தது. சான்பிரான்சிஸ்கோவில் கார்ல் மேயர் என்னும் விஞ்ஞானி, ஷா என்பவருடன் சேர்ந்து அவர் செய்த சோதனைகளைத் தாமும் செய்துபார்த்து முடிவு சரியே என்று உறுதிசெய்தார். இரண்டையும் ஒரே இனத்தில் சேர்த்து, டேவிட் புரூஸின் நினைவாகப் புரூசெல்லா என்று பெயர் சூட்டலாம் என்றும் அவர்கள் முன்மொழிந்தனர். அப்பெயரே நிலைத்தது. புரூஸ் தாம் கண்ட கிருமியை மட்டுமே அறிந்திருந்தார். இரண்டும் ஓரினம் என்று முதலில் காட்டிய ஆலிஸின் பெயர் எந்த இனத்துக்கும் இடப்படவில்லை.

தம் உடலிலேயே

1922-ஆம் ஆண்டு, ஆய்வுக்கூடத்தில் மால்டா வகைக் கிருமிகளைக் கையாண்டுவந்த ஆலிஸ் அம்மையாருக்குக் காய்ச்சல் கண்டது. வந்தது, தணிந்தது, மீண்டும் வந்தது. எழுந்து பணிக்குச் செல்வார். சில வாரங்களில் மீண்டும் படுக்கை. இந்தக் கிருமிகளைக் கையாண்ட ஆய்வாளர்கள் பலருக்கும் அந்நாளில் நேர்ந்த கதி இதுவே.

காய்ச்சல் தணிந்து, அசதியும் வலியும் மட்டும் எஞ்சிய காலங்களில் மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்து நோய் எதுவும் இல்லை என்றனர். நரம்புத் தளர்ச்சி என்று எழுதித் தந்தனர். உடலில் ஒன்றுமில்லை, எல்லாம் மனத்தின் கற்பனை என்பதுதான் அன்று அச்சொல்லின் உட்பொருள். இந்நோய் மனிதனைத் தாக்கும் என்று எவர் உலகுக்குச் சொன்னாரோ, எவரை விஞ்ஞானிகள் நம்ப மறுத்தனரோ, அவரது உடலிலேயே அந்த நோய் குடிகொண்டிருந்தபோது மருத்துவர்களும் அவரை நம்ப மறுத்தனர். உண்மையிலேயே நோயுற்றவர் பொய் நோயாளி என்று கருதப்படுவது எத்தகைய வேதனை என்பதைப் பிற்காலத்தில் அவர் எழுதியபோதுகூட அதில் கசப்பைவிட, தம்மைப்போன்ற பிற நோயாளிகளிடம் கொண்ட பரிவே மிகுதி. சில ஆண்டுகளுக்குப் பின்னர் வேறு காரணத்துக்காகச் செய்யப்பட்ட ஓர் அறுவை சிகிச்சையின்போது எடுத்த திசுவிலிருந்து புரூசெல்லா கிருமி வளர்த்தெடுக்கப்பட்டது. அதன்பின் எவரும் கற்பனை என்று கூறவில்லை. ஆயினும் நோய் நீங்கவில்லை. அதற்கான ஆன்டிபயாட்டிக் மருந்துகள் 1940-களின் பிற்பகுதியில்தான் பயன்பாட்டுக்கு வந்தன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விட்டுவிட்டு வந்த நோயுடனேயே அவர் வாழ்ந்தார், பணியும் செய்தார்.

அப்பணியின் பெரும்பகுதி, நாடெங்கிலும் உள்ள நோயாளிகளிடம் இந்நோயைக் கண்டறிய உதவுவதாக இருந்தது. ரொடீஷியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) மாடுகளிடமிருந்து மனிதருக்கு இந்நோய் வந்ததாகச் செய்தி கிடைத்தது. 1924-இல் பால்டிமோர் நகர மருத்துவமனையில் ஆட்டுடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு நோயாளியிடம் இக்கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் மருத்துவர்கள் தேடத் தொடங்கினர்; தேடிய இடத்திலெல்லாம் கிடைத்தது. அயோவா மாநிலத்தில் நடந்த விரிவான ஆய்வு ஒன்று, நோயாளிகளுள் பலர் பாலால் அன்றி, மாடுகளையும் பன்றிகளையும் நேரடியாகக் கையாண்டதால் நோயுற்ற விவசாயிகள், இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் என்று காட்டியது. பாலைச் சூடாக்கினால் பருகுவோர் காப்பாற்றப்படுவர். கறப்பவரையும் கன்று ஈனும்போது உதவுபவரையும் காக்க மாட்டின் நோயையே ஒழித்தாக வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று. 1934-இல் அமெரிக்க அரசு நோயுற்ற மாடுகளைச் சோதித்து அகற்றும் திட்டத்தைத் தொடங்கியது.

இவ்விடத்தில் நமது நாட்டைப்பற்றியும் ஒரு வார்த்தை. பாலைப் பொங்கக் காய்ச்சிய பின்னரே பருகுவது நம் வீடுகளில் தொன்றுதொட்ட வழக்கம். பாஸ்டர் முறையில் 63 பாகை செல்சியசில் 30 நிமிடங்கள் அல்லது 72 பாகையில் 15 விநாடிகள் சூடாக்கினால் புரூசெல்லா அழிந்துவிடும். பொங்கிய பாலில் அது பிழைக்காது. காரணம் அறியாமலே நம் அன்னையர் நம்மைக் காத்திருக்கின்றனர். ஆனால் கன்று வீச்சு நோய் நம் தொழுவங்களில் இன்றும் உண்டு. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுப்போர் நோய்க்கு உள்ளாகும் ஆபத்து மிகுதி. 2019-இல் மத்திய அரசு தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாத வயதுடைய கிடாரிக் கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி போடுவது சேர்க்கப்பட்டுள்ளது. இயற்கையானது என்ற பெயரில் காய்ச்சாத பாலைப் பருகும் புதிய பழக்கம் நகரங்களில் சிலரிடம் தலைகாட்டுவதும் கவனத்துக்குரியது.

பிற்காலம்

1928-இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் சங்கம் ஆலிஸ் அம்மையாரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன்னர் எந்த அவையில் அவரது சொல் ஏற்கப்படவில்லையோ அதே அவை. தலைமை ஏற்ற முதல் பெண்ணும் அவரே. 1930-இல் பாரிஸ் நகரிலும் 1936-இல் லண்டனிலும் நடந்த உலக நுண்ணுயிரியல் மாநாடுகளில் தம் நாட்டின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். முனைவர் பட்டம் பெறாத அவருக்குப் பின்னாளில் கௌரவ முனைவர் பட்டங்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்றை 1948-இல் அளித்தது, தொடர்ந்து படிக்க அழைத்தும் அவர் விட்டுவந்த அதே விஸ்கான்சின் பல்கலைக்கழகம்.

1930-களில் நகரம் நகரமாகப் பாலைச் சூடாக்கி விற்பது சட்டமாயிற்று. காசநோய், டைபாய்டு, தொண்டைப்புண் ஆகியவற்றோடு அலைக் காய்ச்சலும் பாலின் வழியே பரவுவது குறைந்தது. இம்மாற்றம் அவர் ஒருவராலேயே நிகழ்ந்தது என்று சொல்வது மிகை. பலரது உழைப்பு அதில் உண்டு. ஆயினும் சுத்தமான தொழுவமே போதும் என்ற வாதத்துக்கு விடையாக நின்றது அவரது கண்டுபிடிப்பே. எத்தனை கழுவினாலும் மடிக்குள் இருப்பதைக் கழுவ இயலாது. மாநில எல்லை கடந்து காய்ச்சாத பாலை விற்பதை அமெரிக்க அரசு 1987-இல் முற்றிலும் தடை செய்தது.

1945-இல் பணி ஓய்வு பெற்றபின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. புரூசெல்லா நோய்க்கென அமெரிக்கக் கண்டத்து நாடுகள் அமைத்த குழுவின் கௌரவத் தலைவராக விளங்கினார். நாள்பட்ட நோயாளிகளின் துன்பத்தை மருத்துவர்களுக்கு எடுத்துரைத்தார். அறிவியல் துறையில் நுழைய விரும்பிய இளம்பெண்களிடம் பேசினார். திருமணம் செய்துகொள்ளவில்லை, தனிமையைக் குறையாகவும் கருதவில்லை.

அவரது முதுமையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறாமல் விட இயலவில்லை. 1966-இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர விண்ணப்பித்தபோது, பொதுவுடைமை அமைப்புகளுடன் தொடர்பு இல்லை என்று உறுதியளிக்கும் பகுதி ஒன்று படிவத்தில் இருந்தது. அவருக்கு அத்தகைய தொடர்பு இருந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை. கையெழுத்திட்டுவிட்டு உதவியைப் பெற்றிருக்கலாம். நோயாளிக்கு மருத்துவம் அளிக்க அவருடைய கருத்தைக் கேட்பது பேச்சுரிமைக்கு முரண் என்று கூறி எண்பத்தைந்து வயதில் அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். அந்த விதி அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதது என்பதை 1967 ஜனவரியில் நீதித் துறை ஏற்றுக்கொண்டது.

1969-இல் வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியா நகரிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றில் குடியேறினார். 1975-இல் பக்கவாதத்தால் தாக்குண்டு, செப்டம்பர் 5-ஆம் நாள் தமது தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார்.